ஐஸ் ஹவுஸ் பாத்தியதை: ஒரு சிற்றாராய்ச்சி

வீட்டின் வரலாற்றைப் பத்திரங்களைக் கொண்டு எழுதுவதே மரபு. சென்னைக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ் அந்த மரபுக்கு ஒத்துழைக்கவில்லை. அதன் சரித்திரத்திலிருந்து திரண்ட விதி இது: பாத்தியதை உள்ளவர் கரைவார், சும்மா தங்கியவர் நிலைப்பார்.

முதல் பாத்தியதைக்காரர், அமெரிக்கரான பிரெடரிக் டியூடர். பாஸ்டன் பக்கத்து ஏரிகள் உறைந்ததும் ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றியவர். 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரைசேர்ந்தது. மிச்சம் கடலுக்கே காணிக்கை. 1842இல் சென்னைக் கிடங்காக இந்த ஐஸ் ஹவுஸ் எழுந்தது. ஜன்னல் கிடையாது. ஐஸுக்குக் காற்று வாங்கும் பழக்கமில்லை அல்லவா? 1846-47 குளிர்காலத்தில் பாஸ்டன் பக்கத்து வால்டன் குளத்திலும் ஐஸ் அறுத்தார்கள். கரையில் குடியிருந்த எழுத்தாளர் தோரோ அப்போது கீதை வாசகர். துரைமார் தம்ளரில் மிதந்தது வெறும் ஐஸா, வேதாந்தமா என்பதில் முடிவு எட்டப்படவில்லை.

இந்தியாவிலேயே இயந்திரம் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வாங்கியவர் வக்கீல் பிலிகிரி அய்யங்கார். ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து, நீதிபதி கெர்னான் பெயரையும் சூட்டினார். வக்கீல் வீட்டுக்கு நீதிபதி பெயர்: பக்தியா, முன்னெச்சரிக்கையா?

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் வந்தார். ஒன்பது நாள் தங்கினார். பிறகு சுவாமி ராமகிருஷ்ணானந்தர் கீழ்த்தளத்தில் மடம் நடத்தினார். 1902இல் அய்யங்கார் காலமாக, 1906இல் வீடு ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் ஒரு ஜமீன்தார். அவர் பெயர் சொல்லாமலே இக்கட்டுரை நகர்கிறது. விதி அவ்வளவு கடுமையானது. 1917இல் அரசாங்கம் வாங்கியது.

இங்கே சகோதரி சுப்பலட்சுமியின் பராமரிப்பில் இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள். புகுந்த வீட்டிலும் பிறந்த வீட்டிலும் ஒரு மூலையைக்கூடத் தம்முடையது என்று சொல்ல முடியாதிருந்த பெண்கள் அவர்கள். நம் விதிக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. சமூகம் இதைச் சான்றாக்கிக் கொடுத்த விதத்துக்கு நன்றி சொல்லத்தான் மனம் வரவில்லை.

1963இல் விவேகானந்தர் பிறந்த நூற்றாண்டையொட்டி வீடு ‘விவேகானந்தர் இல்லம்’ ஆயிற்று. 1997இல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகை. பத்திரம் அரசிடம், பெயர் ஒன்பது நாள் விருந்தாளியிடம்.

ஆகவே சென்னையில் மனை தேடும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வில்லங்கச் சான்றிதழுக்கு மனுப்போடும்போது, அந்த இடத்தில் யாராவது சும்மா தங்கியிருந்தார்களா என்றும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.