சொந்த மண், சொந்தக் கோப்பை

2024-இல் மைசூர் வாரியர்ஸ், கர்நாடகத்தின் டி20 கிரிக்கெட் லீக்கான மகாராஜா டிராபியை வென்றது. கேப்டன் கருண் நாயர் கோப்பையைத் தூக்கியதோ பெங்களூர் சின்னசாமி மைதானத்தில். அந்த சீசன் முழுக்க அங்கேதான். தங்கள் ஊர் அணியைப் பார்க்க மைசூர்க்காரர்கள் ரயில் ஏற வேண்டும், இல்லையென்றால் டிவிதான்.

2025 ஜூனில் சின்னசாமி வாசல் நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் அங்கே அனுமதி கிடைக்காமல் லீக் மைசூருக்கு வந்து சேர்ந்தது. கோப்பை ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் நினைவாக; மைதானத்துக்கும் அவர் பெயரே. மனீஷ் பாண்டேவை வாரியர்ஸ் ஏலத்தில் 12.20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அணி முதலாளிகள் ஊதுபத்திக்காரர்கள், சாமுண்டி மலையும் கூப்பிடு தூரம். வேறென்ன வேண்டும்?

கோப்பையை மங்களூர் டிராகன்ஸ் கொண்டுபோய்விட்டது. அடுத்த முறை ஆட்டம் பெங்களூரிலேயே நடக்கட்டும் என்று அம்மனுக்கு இரண்டு பத்தி கூடுதலாக ஏற்றலாம், சரக்குக்குப் பஞ்சமில்லை.