நிறுத்தியல்: கைப்பேசிப் பகுதி

மாணாக்கனே, கேள். ஊர்தி நிறுத்தலாவது, ஓடுவதன் ஓட்டத்தை ஓரிடத்தில் ஒழித்து, தான் மீளும்வரை அஃது அங்கேயே இருக்குமென நம்புதல். இதனைக் கைப்பேசித் துணையொடு செய்வான் 'பேசிநிறுத்துநன்' எனப்படுவான். அவன் தொகையால் ஒன்று, வகையால் மூன்று, விரியால் ஒன்பது. திருவண்ணாமலைக்குள் நுழையும் சாலைகளும் ஒன்பதே. இவ்வொப்புமையைப் புறந்தள்ளுவார் நிறுத்தியல் கல்லாதார்.

களம் யாதெனின், அவ்வூரில் முழுநிலவு நாளின் மலைவலம். வலப்பாதை 14 கிலோமீட்டர். கார்த்திகை விளக்கீட்டுக்கு ஊர்ப்புறத்துச் சாலையோர நிலங்களில் நிறுத்தங்கள் அமைத்து, அவற்றைக் காட்டும் வரைபட இணைப்புகளைக் காவல்துறையே வெளியிடுவது அண்மை ஆண்டுகளின் வழக்கு.

முதல் வகை, இடந்தேடி. இவன் இருதிறத்தன். படவழியன், வரைபடத்துள் ஒலிக்கும் பெண்குரலுக்கு அடங்கிச் செல்வான். அக்குரல் இடப்புறம் திரும்பச் சொல்லுமிடத்தில் காவலர் தடுப்பு வைத்திருப்பார். இருவருள் காவலரே வலியர். உறவுவழியன், "மச்சான், ஈசான்ய மைதானத்துல எடம் இருக்கா?" என்று உள்ளூர் உறவினனைக் கேட்பான். மச்சான் அன்றைக்கென்று வேலூரில் இருப்பான்.

இரண்டாம் வகை, காசுநீட்டி. 1935இல் அமெரிக்காவின் ஒக்லகோமா நகரத்தார் காசு விழுங்கும் கம்பத்தைத் தெருவில் நட்டனர். 2000இல் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் கைப்பேசி வழியே நிறுத்தக்கட்டணம் செலுத்தலாயினர். 2016இல் நம் நாட்டில் யுபிஐ தோன்றிய பின்னரே இவ்வகை இங்கு முற்றி, நான்காய்க் கிளைத்தது.

ஒன்று, குறிநோக்கி. நிறுத்தக்காரர் கழுத்தில் தொங்கும் அட்டையின் க்யூஆர் கட்டத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவான். அட்டை காற்றில் ஆடும். அவனும் உடன் ஆடுவான்.

இரண்டு, எண்கேளி. அட்டை கிழிந்தவிடத்துத் தோன்றுவான். "தொண்ணூத்தெட்டா, தொண்ணூத்தாறாண்ணே?" என்பது இவனுக்கே உரிய வினா.

மூன்று, சுழல்நோக்கி. இவனை நன்கு கற்க. பல்லாயிரவர் கூடுமிடத்தில் ஒரே அலைக்கம்பத்தை எல்லாரும் பற்றி இழுத்தலின் இணைப்பு மெலியும். திரையில் வட்டம் சுழலும். இவன்பால் தோன்றும் மெய்ப்பாடுகள்: கையை வானுக்கு உயர்த்தல், மூன்றடி பின்னே நடத்தல், பின்வண்டியின் ஊதலைக் கேளாதிருத்தல். உரையாடலும் வரையறைப்பட்டதே.

"போயிடுச்சாண்ணே, பாருங்க."

"வரல சார். கேஷா குடுத்துருங்க."

இவன் கணக்கினின்று கழிந்தும் நிறுத்தக்காரர் கணக்கில் சேராதும் நிற்கும் தொகையை 'இடைநிற்காசு' என்க. அது பெரும்பாலும் ஓரிரு நாளில் மீளும். பின்வண்டியாரின் பொறுமை மீளாது.

நான்கு, சான்றுகாட்டி. பச்சைச் சரிக்குறி தோன்றிய திரையைக் காட்டியவாறே வண்டியை உருட்டுவான். அது சென்ற முழுநிலவின் திரையோ என்று ஐயுறுவது நிறுத்தக்காரர்தம் கல்வி. வந்த தொகையை உரக்கக் கூவும் சிறுபெட்டியை அவர் இடுப்பில் கட்டியிருப்பதும் அவ்வையத்தினாலேயே.

அற்றேல், தாள்காசு நீட்டுவான் எதனுள் அடங்குவான் எனின், எதனுள்ளும் அடங்கான். எல்லார்க்கும் முன்னே உள்ளே போய்விடுவான் என்பதும் இந்நூலுக்குப் புறம்பு.

மூன்றாம் வகை, மீள்தேடி. வலம் முடித்து, கால் வீங்கி, தன் வண்டி எதுவென வினவி நிற்பான். இவன் முத்திறத்தன். படமெடுத்தான், அடையாளத்துக்கெனப் பக்கத்து வண்டியைப் படம் பிடித்திருப்பான். அவ்வண்டி எப்போதோ கிளம்பியிருக்கும். புள்ளியிட்டான், வரைபடத்தில் இடத்தைப் பிழையறக் குறித்திருப்பான். ஆயின் வழிநெடுக நிலவைப் படமெடுத்துக் கைப்பேசியின் உயிரைத் தீர்த்திருப்பான். இவ்விருவருள் யார் முந்துவார் என்பதில் எமக்கே ஐயமுண்டு. மூன்றாமவன் வாளாவிருந்தான்: எதையும் குறித்திலன், எதையும் எடுத்திலன். சாவியின் பொத்தானை அழுத்தி, இருளில் எங்கேனும் ஒரு வண்டி கூவுகிறதா எனச் செவிசாய்ப்பான். ஒரே பொழுதில் பலர் அழுத்தப் பல வண்டிகள் கூவுங்கால் தன் வண்டியின் குரலைப் பிரித்தறியும் முறை, சாவியியலுள் விரியும்.