பத்தாயிரம் வீச்சுக்காரர்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில் ஏரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் ஏதாவது ஒன்றின் படகுத்துறையில் பொழுது சாயும் நேரத்தில் போய் நின்றால், இரண்டு வகை மனிதர்கள் கரையேறுவதைப் பார்க்கலாம். ஒருவர் கையில் மீன் இருக்கும். இன்னொருவர் கையில் காரணம் இருக்கும். இரண்டாமவர்தான் மஸ்கிக்காரர்.

மஸ்கி என்பது மஸ்கலஞ்ச் என்ற நன்னீர் மீனின் செல்லப்பெயர். வட அமெரிக்காவின் சொத்து. நான்கு அடிக்கு மேலும் வளரும். வாத்துக்குஞ்சு மேலே நீந்திக்கொண்டிருந்தால் கீழிருந்து வந்து விழுங்கிவிட்டுப் போகும். இதற்கு அந்த ஊரார் வைத்த பட்டப்பெயர் ‘பத்தாயிரம் வீச்சு மீன்’. தூண்டிலைப் பத்தாயிரம் தடவை வீசினால் ஒன்று மாட்டும் என்று கணக்கு. இதைக் கேட்டதும், ‘அப்படியானால் வேறு மீன் பிடிக்கலாமே’ என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவருக்கோ, ‘இதுவரை எத்தனை வீசியிருப்போம்?’ என்று தோன்றும்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்களின் தூண்டில் சாமான் ஒரு சின்ன டப்பாவில் அடங்கும். இவருடைய பொய்யிரை ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அதிலும் ‘பக்டெய்ல்’ என்று ஒன்று இருக்கிறது. கம்பி ஒன்றின் முன்பக்கம் பெரிய பித்தளைத் தகடுகள் இரண்டு. பின்பக்கம் மான்வால் மயிரோ ஜிகினாவோ குஞ்சமாகத் தொங்கும். குஞ்சத்துக்குள் மும்முனை முள் ஒளிந்திருக்கும். தண்ணீரில் இழுத்தால் தகடுகள் சுழன்று தடதடவென்று அதிரும். அந்த அதிர்வு ஒன்பதடிக் கம்பு வழியாக மணிக்கட்டுக்கு வந்து, தோளில் ஏறி உட்கார்ந்து, இரவு தைலம் தேய்க்கும்வரை இறங்காது. நூறு பவுண்டு தாங்கும் பின்னல் நூல். மீனின் பல்லில் அறுபடாமலிருக்க நுனியில் எஃகுக் கம்பி. முள்ளை அரத்தால் தீட்டிக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடி அரம், நகத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் திருப்தி. வீட்டுக் காய்கறிக் கத்தி மொண்ணையாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

இனி அவருடைய தொழில்நுட்பம். மற்ற தூண்டில்காரர்கள் வீசுவார்கள், சுற்றுவார்கள், எடுத்து மறுபடி வீசுவார்கள். மஸ்கிக்காரர் அப்படி எடுத்துவிட முடியாது. மஸ்கிக்கு ஒரு வழக்கம் உண்டு: இரையைப் பின்தொடர்ந்து படகுவரைக்கும் வரும், கடிக்காது. வந்து நின்று முறைக்கும். அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, இரையைப் படகோரத்திலேயே பெரிய எட்டாகச் சுழற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் இருசக்கர வண்டிக்கு எட்டு போடுகிறோமே, அதே எட்டு. அங்கே காலை ஊன்றாமல் ஒரு தடவை போட்டால் லைசென்ஸ் கையில் வந்துவிடும். இவர் காலையிலிருந்து இருட்டும்வரை போடுகிறார், பின்னால் மீன் வந்தாலும் வராவிட்டாலும். திருப்பம் அகலமாக இருக்க வேண்டும், நீள மீனால் சட்டென்று வளைய முடியாது. திருப்பத்தில் கொஞ்சம் வேகம் கூட்ட வேண்டும், தப்பிக்கிற மீன் அப்படித்தான் செய்யும். இதெல்லாம் உண்மையான சாஸ்திரம். பல மஸ்கிகள் கடைசி நொடியில் இந்த எட்டில்தான் கவ்வுகின்றன. கஷ்டம் என்னவென்றால், எட்டு உடம்பில் ஊறிவிடுகிறது. சூப் கலக்கச் சொல்லிக் கரண்டியைக் கொடுத்தால் கரண்டியும் எட்டுதான் போடுகிறது.

இப்படிப் பின்னால் வந்து பார்த்துவிட்டுப் போகும் மீனைச் சேர்த்துத்தான் அவர் தம் வாழ்க்கைக் கணக்கை எழுதுகிறார். புதிதாகப் பழகுபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

“இன்னிக்கு எப்படி?”

“மூணு வந்துச்சு.”

“அடேயப்பா! எங்க, காட்டுங்க பார்க்கலாம்.”

“பின்னால வந்துச்சு.”

வந்ததிலும் ரகம் உண்டு. அடியாழத்தில் சோம்பலாக மிதந்து வந்து சலித்துப் போனது ஒன்று. இரைக்கு ஒரு சாண் பின்னால், முதுகுத் துடுப்பு விறைக்க, கொதிப்போடு வந்தது இன்னொன்று. இரண்டாவது ரகத்தைப் பார்த்துவிட்டால் ஜி.பி.எஸ். கருவியில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார். குறித்ததோடு சரியா? அந்தப் பாசிப்படுகையைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டு, நிலா உதிக்கும் நேரத்தில் திரும்பிப் போவார். பெரிய மஸ்கிகள் பெண்கள் என்பதால் அதை ‘அவள்’ என்றே குறிப்பிடுவார். “ராத்திரி ஒன்பதே காலுக்கு அவளைப் பார்க்கப் போகணும்” என்று சாப்பாட்டு மேசையில் ஒரு மனிதர் சொல்கிறார், மனைவி ‘சரி, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போங்க’ என்கிறார். இப்படிப்பட்ட குடும்ப அமைதியை வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

நிலா விஷயத்தில் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. ஜான் ஆல்டன் நைட் என்பவர் 1926-ல் சூரிய சந்திர நிலையை வைத்து மீன்கள் இரை தேடும் நேரத்தைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். அன்று தொடங்கியது இந்த ஊர் ஜாதகம். நிலா உதயம், அஸ்தமனம், உச்சி, நேர் கீழே என்று நாளுக்கு நான்கு நல்ல நேரம். நம் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் தப்பினால் அடுத்த முகூர்த்தம் பார்ப்போம்; அவர் ஒரு நேரம் தப்பினால் அதையே மீன் கிடைக்காத காரணமாக வரவு வைத்துக்கொள்வார்.

வானிலையில் அவருடைய ரசனையும் தலைகீழ். குளிர்காற்று முகப்பு கடந்துபோன மறுநாள், மேகமே இல்லாத நீல வானம், பளிச்சென்ற வெயில், மெல்லிய காற்று. ஊரே பாயைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும் அந்த நாள் அவருக்குத் துக்க நாள். மஸ்கி வாயைத் திறக்காது. காற்றழுத்தம் சரிந்து, மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, மற்ற படகுகளெல்லாம் கரைக்கு விரைந்தால் இவர் முகம் மலரும். கையில் மின்னலைக் கூப்பிடுகிற ஒன்பதடி கிராஃபைட் கம்பு இருக்கிறது என்பதை இடி இடித்தபிறகுதான் நினைத்துக்கொள்வார். படகில் வாழைப்பழம் ஏற்ற விடமாட்டார், ராசியில்லையாம். வாழைப்பழம் இல்லாத எல்லா நாளும் மீன் கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை அடுத்த தடவை கூட்டிப்போக மாட்டார்.

இவ்வளவு பொறுமைசாலிக்கும் ஒரு பெயரைக் கேட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும். அது பைக் மீன். மஸ்கியின் பங்காளி. அதே பாசி, அதே நீள உடல், அதே பல். குணம் மட்டும் வேறு: கண்ணில் பட்டதைக் கவ்வும். நிலாவும் வேண்டாம், எட்டும் வேண்டாம். இவர் ஒரு மாதம் யோசித்து வாங்கிய புது இரையை முதல் வீச்சிலேயே ஒரு முழ நீளப் பைக் வந்து பிடித்துத் தொங்கும். படகெல்லாம் வழவழவென்று கொழகொழப்பு, துவைத்தாலும் போகாத வாடை, இரைக் குஞ்சம் பாதி காலி. இந்தச் சின்னப் பைக்குக்கு அங்கே ‘சுத்தியல் பிடி’ என்று பெயர்.

ஐரோப்பாவில் இதே பைக்குக்கு ராஜமரியாதை. அயர்லாந்திலும் பின்லாந்திலும் பெரிய பைக் பிடித்தவர் வாழ்நாளெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அங்கே மஸ்கி கிடையாது. விஸ்கான்சினில் மூன்றடிப் பைக்கைத் தூக்கினால்கூட மஸ்கிக்காரர் இழவு வீட்டுக்கு வந்தவர் போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்வதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. மீனை மல்லாத்திக் கீழ்த்தாடையில் உள்ள குழிகளை எண்ணுவார். ஒரு பக்கத்தில் ஐந்து அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பைக். ஆறும் அதற்கு மேலும் இருந்தால் மஸ்கி. கரும்பச்சை உடம்பில் வெளிர்ப் புள்ளி, உருண்ட வால் நுனி, பார்த்தவுடனேயே பைக் என்று படகில் இருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மஸ்கிக்கு வழக்கமாக வெளிர் உடம்பில் கரிய கோடோ புள்ளியோதான். இருந்தும் ஆறாவது குழி எங்கேயாவது கொழகொழப்புக்கு அடியில் இருக்கிறதா என்று விரலால் துடைத்துத் தேடுவார். தேடட்டும் என்று நாம் வேறு பக்கம் பார்ப்பதுதான் மரியாதை.

கோபத்தில் நியாயமும் இல்லாமல் இல்லை. பனி உருகியவுடனேயே பைக் முட்டையிட்டுவிடும். மஸ்கி அதற்குப் பிறகுதான். மஸ்கிக் குஞ்சு கண் திறக்கும்போது பைக் குஞ்சு வளர்ந்து பசியோடு காத்திருக்கும். பைக் புகுந்த ஏரியில் மஸ்கி நொடித்துப்போவதற்கு இது ஒரு காரணம். இரண்டும் கலந்து பிறக்கும் வரிப்புலி மஸ்கி என்று ஒன்று உண்டு. பார்க்க அழகு, வம்சம் கிடையாது. பங்காளிச் சண்டையில் கல்யாணம் பண்ணி வைத்தால் அப்படித்தான் ஆகும் என்பது மஸ்கிக்காரர் தீர்ப்பு.

அவர்களுக்கென்று ஒரு திருத்தலம் ஹேவர்ட் என்ற ஊரில் இருக்கிறது. நன்னீர் மீன்பிடிப்புக்கான தேசிய அருங்காட்சியகம் அங்கே 143 அடி நீள மஸ்கி வடிவத்தில் நிற்கிறது. உள்ளே ஏறிப் போய்த் திறந்த வாயின் பற்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஏரியில் மஸ்கி வாயருகே போக முடியாதவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் உலகச் சாதனை பற்றி அந்த வாசலில் பேச்செடுத்தால் பொழுது போய்விடும். 1949 ஜூலையில் கால் ஜான்சன் 67 பவுண்டு 8 அவுன்ஸ் எடையில் ஒன்றைப் பிடித்தார். அதே வருஷம் அக்டோபர் 20-ல், சிப்பேவா நீர்த்தேக்கத்தில், லூயி ஸ்ப்ரே 69 பவுண்டு 11 அவுன்ஸ் எடையில் பிடித்தார். ஹேவர்ட்காரர்கள் ஸ்ப்ரேயை ஏற்கிறார்கள். சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் ஜான்சனை ஏற்கிறது. ஸ்ப்ரேயின் மீனைப் பாடம் பண்ணி வைத்திருந்தார்கள், அதுவும் தீயில் போய்விட்டது. இவர்கள் இருவருக்கும் மேலே 1957 முதல் நின்ற ஆர்ட் லாட்டனின் மீனை 1992-ல் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். பழைய புகைப்படத்தை அளந்து இந்த வழக்கை இன்றும் நடத்துகிறார்கள். அந்தக் காலத்தில் மீனைப் படகுக்குள் ஏற்றுமுன் துப்பாக்கியால் சுடுவது விஸ்கான்சினில் சட்டப்படி சரி. இன்று மஸ்கியை ஓர் ஈரத் துணியில் கிடத்தினாலே ‘மேல்தோல் கெடுகிறது’ என்று கத்துகிற மனிதர்களின் தாத்தாக்கள் சுட்டவர்கள்.

இந்த மாற்றத்தை அவர்களே செய்துகொண்டதுதான் ஆச்சரியம். 1966-ல் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இன்கார்ப்பரேட்டட் என்ற சங்கம் ‘பிடி, விடு’ என்று சொல்லிச் சொல்லி ஊரையே பழக்கியது. மினசோட்டாவில் பெரும்பாலான ஏரிகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. அதைவிட நீளமாக மாட்டினாலும் இவர் விட்டுவிடுவார். கோடையில் தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் தூண்டிலையே மூட்டை கட்டிவிடுவார், அந்தச் சூட்டில் பிடித்து விட்ட மீன் பிழைப்பது சந்தேகம். மீன் பிடிக்காமல் இருப்பதற்குக் கொள்கைரீதியான காரணம் கிடைக்கிற அந்தச் சில நாட்களில் அவர் முகத்தில் ஒரு தனிக் களை.

மாட்டவே மாட்டாதா? மாட்டும். நவம்பரில், கம்பு வளையங்களில் பனிக்கட்டி அடைத்து, விரல் மரத்து, காபி ஆறி, கூட வந்தவர் ‘போதும்ப்பா’ என்று மூன்றாவது முறை சொன்ன பிறகு, எட்டின் இரண்டாவது திருப்பத்தில் தண்ணீர் வெடிக்கும். அப்புறம் நடப்பதெல்லாம் சில நிமிடம். பெரிய வலைக்குள் மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, நீள இடுக்கியால் முள்ளைக் கழற்றப் பார்ப்பார். வரவில்லை என்றால், நகத்தில் வைத்துப் பார்த்துத் தீட்டிய அதே முள்ளைக் கத்தரிக்கும் கருவியால் கூசாமல் நறுக்கித் தள்ளுவார். ஒரு படம், ஓர் அளவு, உடனே வாலடியைப் பிடித்து நீருக்குள் நிறுத்துவார். அது ஒரு சிலுப்பு சிலுப்பி அவர் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போகும். துடைக்கமாட்டார்.

படத்தை வீட்டில் காட்டினால் மனைவி முதலில் கேட்பது, “ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன?” அதற்கும் அவரிடம் வழி உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பைக் பிடிப்பவர். ஒய் எழுத்து வடிவ முள்ளை வகையாக நீக்கத் தெரிந்தால் பைக் நல்ல ருசி. மஸ்கிக்காரர் அதை இரண்டு துண்டு கூடுதலாகவே சாப்பிடுவார், பேர் மட்டும் கேட்கமாட்டார்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு மஸ்கிக்காரரைக் கட்டாயம் சந்தியுங்கள், பொய் சொல்லாத மனிதர். பொய் சொல்லும் அளவுக்கு அவருக்கு மீன் மாட்டுவதில்லை. எத்தனை பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டு மனசைப் புண்படுத்தாதீர்கள். எத்தனை பின்னால் வந்தன என்று கேளுங்கள். அதையும் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேட்பது நல்லது.