கார் மேட்டில், ஆள் பள்ளத்தில்

சென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "எல்லாரும் ரயில்ல போனா டிராஃபிக்கே இருக்காது சார்!" பக்கத்து வீட்டுக்காரர் ரயிலேறினால் தன் காருக்கு வழி கிடைக்குமே என்கிற பொதுநலம்தான்.

2015இல் மெட்ரோ ரயில் வந்ததும் காருக்கும் ரயிலுக்கும் சமரசம் பேசியவர்கள் உண்டு. ஸ்டேஷன் வரை கார், அப்புறம் ரயில் என்பது ஏற்பாடு. ஸ்டேஷனில் பார்க்கிங் 'ஃபுல்' என்றால் வேறு வழி? ஆபீஸ் வரைக்கும் காரேதான். ஓட்டுகிறவர் போக மிச்சமுள்ள நாலு சீட்டில் ஒன்றில் லேப்டாப் பை, இன்னொன்றில் சாப்பாட்டுக் கூடை. மற்ற இரண்டும் காற்று வாங்கும்.

வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வெள்ளத்துக்குப் பயந்து அங்குள்ள மேம்பாலத்தில் பறந்துபோய் ஏறியவை கார்கள். ஓரமாக வரிசைகட்டி நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, உரிமையாளர்கள் கீழே இறங்கி வந்தார்கள். குறை சொல்ல முடியாது. மனுஷனுக்கு நீந்தத் தெரியலாம். காருக்கு இன்னும் தவணை பாக்கியிருக்கிறது.

ஒன்று மட்டும் நிச்சயம்: சென்னைக்காரர் காரை மேம்பாலத்தில் விட்டு நடக்கத் தயார்தான். வீட்டுக்குள் தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான்.