தொட்டிக்கட்டுத் தேனிலவு

ஆயிரம் பேரைக் கூப்பிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த ஆயிரம் பேரில் ஒருவர் கண்ணிலும் படாமல் நான்கு நாள் இருந்துவிட்டு வருவதற்குப் பெயர் தேனிலவு. மலைக்குப் போகப் பிடிக்காத ஜோடிகள் சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் ஓட்டிப்போய்ப் புதுச்சேரியில் இறங்குகிறார்கள். இறங்கியவர்கள் நட்சத்திர ஓட்டலை ஒதுக்கிவிட்டு, எட்டு அறையோ பத்து அறையோ உள்ள பழைய வீட்டு விடுதியைத் தேடுகிறார்கள். கூட்டுக் குடும்பத்திலிருந்து தப்பி வந்தவர்கள், கூட்டுக் குடும்பத்துக்கென்றே கட்டிய வீட்டில், முன்பின் தெரியாத ஏழு ஜோடிகளோடு, ராத்திரிக்குப் பல ஆயிரம் கொடுத்துத் தங்குகிறார்கள். இதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் அந்த விடுதியின் அழகைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்களே, அது எனக்குச் சம்மதமில்லை. சின்ன விடுதியைக் குறை பார்த்துத்தான் எடுக்கவேண்டும் என்பது என் கட்சி.

அழகு எதற்காகக் கட்டப்பட்டது என்று கொஞ்சம் யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், வைசியாள் வீதி மாதிரியான தெருக்களில் நிற்கும் தொட்டிக்கட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணை, நடை, அப்புறம் வானம் பார்த்த முற்றம்; முற்றத்தைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். விளம்பரப் படத்தில் முற்றத்தின் நடுவே உருளியில் ரோஜா இதழ் மிதக்கும். ஆனால் அந்த முற்றத்தின் அசல் வேலை வேறு. அங்கே உட்கார்ந்து கீரை ஆயும் பாட்டிக்குத் தெரியாமல் எந்த அறைக்கதவும் திறக்க முடியாது, மூடவும் முடியாது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வைத்த முற்றம், செலவில்லாமல் வேவும் பார்த்தது. இன்று பாட்டி இருந்த இடத்தில் ரிசப்ஷன் மேஜை. எட்டே அறை என்பதால் எந்த ஜோடி எத்தனை மணிக்கு எழுந்தது என்பது மேஜைக்குப் பின்னால் இருக்கிற பையனுக்கு மனப்பாடம். பத்தேகாலுக்கு இரட்டைக் கதவு கிறீச்சிட, தேக்குத் தாழ்ப்பாள் டொக்கென்று விழ, நீங்கள் வெளியே வந்ததும், ‘இட்லி ஆறிடுச்சு சார், தோசை போடச் சொல்லட்டுமா’ என்பான். கேள்வியில் ஒரு தப்பும் கிடையாது. அவனுடைய முகத்தில்தான் பாட்டி தெரிவாள்.

அப்படியானால் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். ஆளுயர மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம் என்று பிரெஞ்சுக்காரர்கள் தெருவிலிருந்து நன்றாகவே ஒளிந்துகொண்டார்கள். தெரு என்ன செய்யும், கேட்டுக்கு வெளியே நின்று படம் எடுக்கும். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் உள்ள எந்த வீட்டின் முன்னாலும் சனிக்கிழமை காலையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டும், ஒரு பையன் முட்டி போட்டுக்கொண்டும் இருப்பார்கள். மாடி பால்கனியில் நீங்கள் லுங்கியோடு காப்பி குடிப்பது அவர்களுடைய கல்யாண ஆல்பத்தில் இடம்பெறும். பழமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘முந்நூறு வருஷத்து வீடு’ என்று யாராவது சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றியது 1674-இல்; 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று பார்க்கிற பிரெஞ்சு நகரம் அதற்குப் பின் எழுப்பியது. எப்படியானாலும், எத்தனை வருஷத்து வீடாக இருந்தாலும் அதன் கழிப்பறை கொல்லையில்தான் இருந்திருக்கும். அறைக்குள் இப்போது இருக்கிற குளியலறை, பின்னால் யாரோ ஒரு தடுப்பு வைத்துப் பிரித்துக் கொடுத்தது. வீட்டின் வயதைக் கேட்கிறவர்கள் அந்தத் தடுப்பின் உயரத்தைக் கேட்பதில்லை.

ஆகவே சின்ன விடுதி என்றால் குறை இருக்கும். எந்தக் குறையை எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. குறைகள் இரண்டு ஜாதி. கணவனையும் மனைவியையும் ஒரே கட்சியில் சேர்த்துவிடுகிற குறை ஒன்று, ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிடுகிற குறை இன்னொன்று. வெந்நீர் ஒரு பக்கெட்டுக்கு மேல் வராது என்பது இரண்டாவது ஜாதி. முதலில் குளித்தவர் யார் என்பது வெள்ளி விழா வரை பேசப்படும். லிஃப்ட் இல்லை, மரப்படி செங்குத்து என்பதும் அதே ரகம், ஏனென்றால் பெட்டியில் பதினோரு பட்டுப்புடவை வைத்தது ஒருவர், அதைத் தூக்குகிறவர் மற்றவர். பதினான்கடி உயரக் கூரையைக் குளிரவைக்க முடியாமல் திணறும் ஏசி நடுநிலை. அது யார் ரிமோட்டை வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கொசு நிச்சயமாக முதல் ஜாதி. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு, ஒருவர் திசை காட்ட, ஒருவர் துண்டால் அடிக்க, மூன்று வாரத்துக்கு முன்னால் வரை ‘நீங்க, வாங்க’ என்று பேசிக்கொண்டிருந்த இருவர் ‘அதோ, அதோ, உன் காதுகிட்ட’ என்கிற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். வாய்க்காலை ஒட்டிய அறைகளுக்கு இந்த வசதி இலவசம். ஆனால் அங்கே வீசும் வாடைக்கு நான் பொறுப்பில்லை.

குறைகளிலேயே உத்தமமானது பூட்டப்படும் கேட். கடற்கரைச் சாலைப் பக்கம் ஆசிரமத்தைச் சேர்ந்த விருந்தினர் இல்லங்கள் உண்டு. வாடகை குறைவு, தரை கண்ணாடி மாதிரி துடைத்திருக்கும், மதுவும் புகையும் கூடாது, இரவில் குறித்த நேரத்துக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். தேனிலவுக்கு ஹாஸ்டலா என்று மூக்கைச் சுளிப்பார்கள். நினைத்துப் பாருங்கள். மாலை ஆறு மணியிலிருந்து கடற்கரைச் சாலையில் வண்டிகள் கிடையாது. காந்தி சிலைக்குப் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்து, ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வரை வழிய, இருவரும் மூன்றாவது அத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மணியைப் பார்த்தால் இன்னும் ஏழு நிமிஷம். மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறாள், கணவன் வேட்டியை மடித்துக் கட்டுகிறான், இருவரும் ஓடுகிறார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஜாதகமும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு வாட்ச்மேன் செய்துவிடுகிறார்.

இவ்வளவு காசு கொடுத்துக் குறையை வாங்குவானேன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல்குளத்தோடு பெரிய ரிசார்ட் இல்லையா என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானதுதான். அங்கே கதவு சத்தமில்லாமல் மூடும், வெந்நீர் வந்துகொண்டே இருக்கும், நூறு அறையில் உங்களை ஒருவருக்கும் தெரியாது. வம்பு அங்கேதான். குறையே இல்லாத அறையில், பார்த்துப் பேசி முடித்த கல்யாணத்து ஜோடி முதல் நாள் மத்தியானத்துக்குள் படித்த கல்லூரி, பிடித்த நிறம், பிடிக்காத காய் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடும். அப்புறம் ஆளுக்கொரு செல்போன். காதல் கல்யாணம் என்றால் இன்னும் மோசம். அவர்கள் பேசவேண்டியதை எல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே பேசித் தீர்த்தவர்கள். பழைய வீட்டிலோ மேல்மாடி நாற்காலி நகர்ந்தால் மரத்தூலத்தின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை வழியாகச் சத்தம் இறங்கி வரும். அது யார், இந்நேரத்துக்கு ஏன் நகர்த்துகிறார் என்று ஒரு மணி நேரம் பேசலாம். அடுத்தவரைப் பற்றிச் சேர்ந்து பேசாமல் எந்தத் தம்பதியும் ஒட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

நாள் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியிரவு தொடங்கிப் பெங்களூரும் சென்னையும் ஊரை எடுத்துக்கொள்ளும். அறை வாடகை ஏறும், தெருவில் பாட்டுச் சத்தமும் ஏறும். திங்கள் முதல் வியாழன் வரை நல்லது. முகூர்த்தம் ஞாயிறு, மறுவீடு திங்கள் என்றால் செவ்வாய்க்கிழமை போகாதே என்று ஒரு மாமா நிச்சயம் தடுப்பார். புதன் போங்கள்.

போவதற்கு முன்னால் விடுதிக்கு நேரடியாக ஒரு போன் போடுவது அவசியம். முற்றம் உண்டா, கடல் தெரியுமா என்றெல்லாம் கேட்கவேண்டாம். அதற்குப் படம் இருக்கிறது. ‘பாத்ரூம் சுவர் கூரை வரைக்கும் போகுமா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘ஃபுல் பிரைவசி சார்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ‘முக்கால்வாசி போகும் சார்’ என்று ஒருவர் சொன்னால், அட்வான்ஸை அனுப்பிவிடலாம். மிச்சம் இருக்கிற கால்வாசிக்குத்தான் பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்துவிடுகிற வழக்கம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே.