இணையப் பூண்டின் நடவுத் தகுதி: நூற்பாவும் உரையும்

சமையலுக்குப் பூண்டு வாங்குவதில் ஆய்வுக்கு இடமில்லை. நசுக்கினால் மணக்க வேண்டும், உரித்தால் பல் கெட்டியாக இருக்க வேண்டும், தீர்ந்தது. அதே பூண்டை மண்ணில் ஊன்றலாமா என்று கேட்டவுடன் சாத்திரம் தொடங்கிவிடுகிறது. முன்னோர் இத்துறையில் நூல் செய்யவில்லை. அவர்கள் காலத்தில் பூண்டைக் கையிலெடுத்துப் பார்க்கவும் விற்றவரை மறுவாரச் சந்தையில் பிடித்துக் கேட்கவும் முடிந்தது. இன்று கைபேசித் திரையில் ஒரு படமும் நாலரை நட்சத்திரமும்தான் தெரிகின்றன. ஆகவே இந்நூல்.

நூற்பா 1: கண்ணால் தள்ளுக, கண்ணால் கொள்ளற்க.

என்பது, பார்வையைக் கொண்டு ஒரு பூண்டை விலக்கலாமேயன்றி ஏற்க முடியாது என்றவாறு. அடியில் நீலப்பச்சைப் பூஞ்சணம், பல்லில் பழுப்புக் குழி, அழுத்தினால் அமுங்கும் அடித்தட்டு, இவற்றில் ஒன்று கண்டாலும் தள்ளுக. எதுவும் காணாவிட்டால்? அப்போதும் வைரஸ் இருக்கலாம்; அது கண்ணுக்கு அகப்படாது. பயிராகும் பூண்டு விதை வைப்பதில்லை, பல்லிலிருந்தே வம்சம் தழைக்கிறது. தாயின் நோய்கள் மகளுக்குச் சீதனமாக வந்து சேர்கின்றன.

தடை: ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் பொய் சொல்வார்களா?

விடை: மாட்டார்கள். அவர்கள் பூண்டுக்குழம்பு வைத்தவர்கள். குழம்புக்குச் சொன்ன சாட்சி பாத்தி வழக்கில் செல்லாது.

நூற்பா 2: வேரடி மழித்தவை விதையெனப் படாஅ.

மண் ஒட்டிய பொருளை நாடுகள் எல்லையிலேயே மறிக்கும் என்பதால் ஏற்றுமதிப் பூண்டின் வேரை ஒட்ட மழிப்பது வழக்கம். அடித்தட்டையும் சேர்த்துச் செதுக்கிவிட்டால் பல் வேர்விட இடமில்லை. படத்தில் பளிச்சென்று சிரிப்பது பெரும்பாலும் இந்த வகைதான். முளைக்காமலிருக்கக் கதிர்வீச்சு காட்டிய பூண்டும் உண்டு. இந்தியாவில் அதற்கு அனுமதி இருக்கிறது. பொட்டலத்தில் அதற்குரிய சின்னம் இருக்க வேண்டும். வட்டத்துக்குள் ஒரு பச்சைச் செடி! முளைக்கவே முளைக்காத சரக்குக்குச் செடியைச் சின்னமாகத் தேர்ந்தவரின் நகைச்சுவை உணர்வை இவ்வுரைகாரன் வணங்குகிறான். சின்னம் கிழிந்து போயிருந்தால் சில பற்களைக் குளிர்பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். பூண்டு குளிரில் விரும்பி முளைக்கும். வாரங்கள் கடந்தும் அசையாவிட்டால் ஐயமே.

அற்றேல், வேரோடு வந்தது நல்லதோ எனின், முளைக்கும், அவ்வளவே. வேரோடு யாரோ ஒருவரின் வயல் மண்ணும் வந்திருக்கிறது.

நூற்பா 3: போனது பூண்டெனில் பொறுக்க, மண்ணெனில் பொறுக்கற்க.

இந்நூலின் உயிர் இங்கே இருக்கிறது. நட்ட பல் அழுகினால் நட்டம் சில ரூபாய். வெள்ளழுகல் நோய் நுழைந்தால் கதை வேறு. ஸ்கிளிரோஷியம் செபிவோரம் என்னும் அந்தப் பூஞ்சை, கசகசா அளவிலும் அதற்குச் சிறியதாகவும் கருமணிகளை உதிர்த்துவிட்டு மண்ணில் உறங்கும். 20 ஆண்டுக்கு மேலும் உறங்கும். பூண்டோ வெங்காயமோ வேர்விட்டுக் கசியும் கந்தக வாசனை எட்டினால்தான் விழிக்கும். நமக்கு நாவூறும் அதே வாசனை! அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இந்நோய்க்கு அஞ்சி, வெளியிலிருந்து வரும் பூண்டை நடுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், சமைப்பதற்கு இல்லை. அடுப்பும் பாத்தியும் வேறு வேறு அதிகார எல்லைகள் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட இடம் இது.

வெந்நீரில் முக்கினால் ஆகாதா எனின், பூண்டின் மற்றொரு பகையான தண்டு நூற்புழுவுக்கு 49 டிகிரியில் 20 நிமிடம் என்றொரு முறை உண்டு. சூடு சற்றுக் குறைந்தால் புழு பிழைக்கும், சற்றுக் கூடினால் பூண்டு அவியும். வெப்பமானி இல்லாத வீட்டில் இது சமையற் குறிப்பாக முடியும்.

நூற்பா 4: இரண்டிற்கும் என்பான் ஒன்றிற்கே என்க.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரைச் சொல்லும், உடல்நிலையைச் சொல்லாது. திரையில் அப்பெயரைத் தட்டச்சிட்டவர் அம்மலையிலுள்ள பூம்பாறையைப் படத்திலாவது பார்த்திருப்பாரா என்பது தனி ஆய்வு. நடவுப் பூண்டுக்கென்று சந்தை இல்லாமலில்லை. நீலகிரிப் பூண்டை மேட்டுப்பாளையம் மண்டிகளில் வடமாநிலத்தார் விதைக்கென்றே எடுத்துப் போகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகம் ஊட்டி 1 என்று ரகமே வெளியிட்டிருக்கிறது. கால் கிலோ பொட்டலம் இந்த வம்சாவளியில் எங்கும் வராது.

சென்னை மொட்டைமாடிக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. நோயே இல்லாத பூண்டும் அங்கே குளிர் போதாமல் கிழங்காகத் திரளாது. தாள் கிள்ளித் துவையலில் சேர்க்கலாம். தாள் போதுமென்பவர் தொட்டியில் தாராளமாக ஊன்றுக. அந்த மண்ணை ஊரிலுள்ள வெங்காயப் பாத்தியில் மட்டும் கொட்டற்க.

மற்றவர் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: எந்த ஊர் வயல், எப்போது எடுத்தது, அந்த வயலில் அழுகல் கண்டதுண்டா, நடவுக்கா சமையலுக்கா. முதல் மூன்றுக்கும் பதில் வராது. நான்காவதற்கு உடனே வரும்: “ரெண்டுக்குமே சூப்பரா இருக்கும் சார்.”