ராட்டையும் ஒட்டடையும்: கேள்வி-பதில்

வெலாஸ்கெஸ் வரைந்த 'நூற்கும் பெண்கள்' ஓவியத்தில் கிரேக்கப் புராணம் இருக்கிறதாமே? என் கண்ணுக்கு ராட்டையும் பூனையும்தான் தெரிகின்றன!

கவலை வேண்டாம். நிபுணர்களே நெடுங்காலம் அதை மாட்ரிட் நெசவுக்கூடம் என்றுதான் நம்பினார்கள். 1664-ஆம் ஆண்டின் சொத்துப் பட்டியல் ஒன்றில் 'அரக்னேயின் கதை' என்றிருந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான் கண்ணில் பட்டது. பின்னறையில் தலைக்கவசத்தோடு கையை ஓங்குபவள் அதீனா!

அரக்னே செய்த குற்றம் என்ன?

அதீனா என்ற தெய்வத்தோடு நெசவுப் போட்டிக்குப் போனது சின்னக் குற்றம். குறையே இல்லாமல் நெய்தது பெரிய குற்றம். சிலந்தியாகச் சபிக்கப்பட்டாள். இன்றும் நெய்கிறாள், நாம்தான் ஒட்டடை என்று துடைப்பத்தை எடுக்கிறோம்.

ராட்டையில் ஆரக்கால்களையே காணோமே, மறந்துவிட்டாரா?

ஓடுகிற மின்விசிறியில் இறக்கைகளை எண்ணிச் சொல்லுங்கள், பார்ப்போம்! கேமரா பிறக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கும்போதே வேகத்தை வரைந்தவர் அவர்.

அப்படியானால் அவர் யார் கட்சி? அதீனாவா, அரக்னேயா?

பின்சுவரில் தொங்கும் அரக்னேயின் திரைச்சீலையைப் பாருங்கள்: அதில் இருப்பது டிஷியனின் 'ஐரோப்பா' ஓவியம். தன் ஆசான்போல மதித்தவரின் படைப்பையே அவள் கையில் கொடுத்துவிட்டார். இனியும் ஓட்டு எண்ண வேண்டுமா?